காஜாக்காரர் வீட்டுப் பாத்திரத் தொட்டி

சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதைத் தையல்காரர்கள் காஜா எடுப்பது என்பார்கள். அந்த வேலையில் நம் ஆளை மிஞ்ச ஏழு கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் கிடையாது. அவர் எடுத்த காஜாவுக்குள் பொத்தான் தானே நடந்து போய் உட்கார்ந்துகொள்ளும். தெருவே அவரைக் காஜாக்காரர் என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான்.

வீட்டில் மொத்தம் மூன்று பேர். அவர், மனைவி, அப்புறம் அவருடைய அக்கா, கணவர் இறந்ததும் பதினோரு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தவள். சமையலறையோ தீப்பெட்டிக்குத் தம்பி. ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தால்தான் இன்னொருத்தி வெளியே விட முடியும். அதற்குள் நின்றுதான் இரண்டு பேரும் பாத்திரம் கழுவினார்கள். மனைவி தேய்ப்பாள், அக்கா அலசுவாள். தேய்த்தது போதாது என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள். அலசத் தெரியவில்லை என்று மனைவி பிடுங்குவாள். ஒரு கரண்டி நாலு முறை குளித்த பிறகுதான் கரையேறும்.

இந்தப் பாடு தாங்காமல் ஒருநாள் சிமென்ட் தொட்டியே வெடித்துவிட்டது. புதிதாக ஸ்டீல் தொட்டி வாங்க மூவரும் கடைக்குப் போனார்கள்.

"ஒத்தைத் தொட்டியா, ரெட்டைத் தொட்டியா?" என்று கேட்டார் கடைக்காரர். "ரெட்டைன்னா சவுகரியம். ஒண்ணுல தேய்க்கலாம், ஒண்ணுல அலசலாம். சண்டையே வராது."

"அப்புறம் எங்க வீட்ல எப்படிப் பொழுது போகும்?" என்றார் காஜாக்காரர்.

மனைவி சிரிக்கவில்லை. "ஒண்ணு போதும்."

"ரெட்டைதாம்மா இப்போ நெறைய பேரு..."

"ஒண்ணு போதும்னு சொல்றேன்ல. ரெண்டெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாது."

அக்கா கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். பஸ் கண்டக்டருக்கே டிக்கெட் கிழிக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். அவள் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லாமல் போனதைப் பார்த்ததும் காஜாக்காரர் பணத்தை இரண்டு முறை தப்பாக எண்ணினார்.

மறுநாள் காலையில் அக்கா தன் சேலைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பெட்டிக்குப் பசியா? இப்படி ஊட்டுறே."

"பையன் ஆறு மாசமா வா வான்னு கூப்பிடுறான். அவன்கூடவே போயி இருந்துக்கிறேன்." அக்கா ஒரு சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். "உன் பொண்டாட்டி மேல தப்பில்லடா தம்பி. நாசூக்காத்தான் சொன்னா. ஒண்ணு போதும், ரெண்டு நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுன்னு. தொட்டியவா சொன்னா? எனக்கும் காது இருக்கு."

ஊசி விரலுக்குள் ஏறி மறுபக்கம் வந்தபோதுகூடக் காஜாக்காரருக்கு இப்படி வலித்ததில்லை. சின்ன வயதில் அவருக்குத் தலைவாரி விட்டது இந்தக் கைதான். என் அக்காவைத் துரத்துகிறாயா என்று மனைவியிடம் எந்த வாயால் கேட்பது? கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? குண்டூசியை உதட்டில் கவ்வுகிற மாதிரி இரண்டு நாள் அந்தக் கேள்வியைக் கவ்விக்கொண்டே மிஷினை மிதித்தார். அந்த நினைப்பில் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் கல் வெட்டுகிறவர் சமையல் மேடைக்கான கல்லோடு வந்தார். தொட்டி உட்காரக் கல்லில் எவ்வளவு பெரிய ஓட்டை வெட்ட வேண்டும் என்று அளவு எழுதிக் கொடுத்தவர் காஜாக்காரர். கல்லை ஏற்றி வைத்துத் தொட்டியை மேலிருந்து இறக்கினார்கள். அதன் விளிம்பு கல்லின் மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லை. தொட்டி நேராக ஓட்டைக்குள் புகுந்து தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் நாலு தெரு தள்ளி ஒரு செவிடர், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கதவைத் திறந்தார்.

"யாருய்யா அளவெடுத்தது?" என்றார் கல்காரர்.

"நான்தான். தொட்டியைச் சரியாத்தான் அளந்தேன். தையலுக்குன்னு சுத்தி ரெண்டு இன்ச் சேத்து எழுதினேன்."

"கல்லுக்கு எதுக்குய்யா தையல்?"

"கைப்பழக்கம். பின்னாடி பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாமேன்னு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கல்காரர் டேப்பைப் போட்டுப் பார்த்தார். "இதைக் கடையில மாத்திட்டு ரெட்டைத் தொட்டி வாங்கிட்டு வாங்க. பக்கவாட்டுல இன்னும் கொஞ்சம் வெட்டினா அது உக்காந்துரும்."

இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று காஜாக்காரருக்குத் தோன்றியது. "ரெட்டையே இருக்கட்டுமே. அக்காவுக்கும் ஒண்ணு ஆச்சு," என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணிக்குத் தனியா ஒண்ணு, எனக்குத் தனியா ஒண்ணா? இன்னிக்குத் தொட்டியைப் பிரிப்பீங்க, நாளைக்கு அடுப்பைப் பிரிப்பீங்க. எங்க அம்மாவும் சித்தியும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. கடைசில ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்காமலே போய்ச் சேந்தாங்க. அதுக்குத்தானே ரெண்டு வேணாம்னு கடையில அப்படி அடிச்சுக்கிட்டேன்."

கதவோரம் நின்றிருந்த அக்கா மெல்ல உள்ளே வந்தாள். "அதுக்காகவாடி சொன்னே?"

"பின்னே எதுக்கு? நீங்கதான் பெட்டி கட்டுறீங்க. நான் தேய்க்கிறது புடிக்காமத்தானே போறீங்க?"

"உன் தேய்ப்புக்குப் பயந்து ஓடுறவளா இருந்தா பதினோரு வருசமாவா காத்திருப்பேன்? முத நாளே ஓடியிருக்க மாட்டேன்?" என்றாள் அக்கா. சட்டென்று கல்காரர் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, இந்த ஓட்டையில உக்கார்ற மாதிரி பெரிய ஒத்தைத் தொட்டி கிடைக்குமா?"

"கிடைக்கும்மா. ஆனா அதுல உங்க தம்பியவே உக்கார வச்சுக் குளிப்பாட்டலாம்."

"அதுவும் தேவைதான். அதையே போடு."

பெரிய தொட்டி வந்து இறங்கிய அன்று சாயங்காலம் அக்காவின் மகன் போன் பண்ணினான். அக்காவின் இரண்டு கையிலும் சோப்பு நுரை. மனைவி தன் கையைத் துடைத்துக்கொண்டு, போனை அவள் காதில் பிடித்தாள்.

"வர்றேன்டா கண்ணு," என்றாள் அக்கா. "ஒரு பத்து நாள் இருந்துட்டுத் திரும்பிருவேன்."

"பத்து நாளெல்லாம் ஜாஸ்தி, அண்ணி," என்றாள் மனைவி, போனை அந்தக் காதிலிருந்து எடுக்காமலே.