தையல் போட்ட வயிற்றில் அசனச் சோறு

கிரேஸ் அக்கா, ஆறாத என் வயிற்றுக்குள் சோற்றைத் தள்ளியது நீங்கள். அதை மறைத்துவிட்டு, நான் அவிசுவாசத்தால் சாகக் கிடந்தேன் என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லி வருவதும் நீங்கள்தான். என் உயிரைப் பற்றி நீங்கள் சாட்சி சொன்னது போதும். இனி இந்தக் கடிதத்தில் நானே சொல்கிறேன். சபையார் பொறுமையாகக் கேளுங்கள்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஓர் எடை மேடையில் எனக்கு வேலை. லாரிகளுக்கு எடைச் சீட்டு போட்டுக் கொடுப்பேன். கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சர்க்கரை வந்தது, மூட்டு தேய்ந்தது, உடம்பு நூற்று இருபத்தெட்டு கிலோவுக்குப் போனது.

“அக்கா, நீங்க மேடைய விட்டுத் தள்ளி நில்லுங்க, எங்க வண்டி எட சரியா வரட்டும்” என்பார்கள் டிரைவர்கள்.

“ஓவர்லோடு ஏத்துனது நீ, பழி எனக்கா, லே?” என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். அவர்கள் போன பிறகு அழுவேன். படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. இப்படியே விட்டால் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விடுவாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்துவிடும் அறுவை ஒன்றுதான் வழி என்றார்.

அறுவைக்கு முன்பே பாடுதான். ஈரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருந்தது. அது சுருங்கினால்தான் கத்தி வைக்க முடியும். அதனால் சோறு இல்லை, கருப்பட்டிக் காப்பி இல்லை. தண்ணீரில் கரைத்த புரதப் பொடியும் மோரும்தான். தலை சுற்றும். எடைச் சீட்டில் எண்கள் ஆடும்.

அந்த நாட்களில்தான் கிரேஸ் அக்கா வீட்டுக்கு வந்தார். “ஆண்டவரு குடுத்த வயித்த அறுக்கப் போறியா, ளா? உபவாசம் இருந்தா தானா கொறையும்” என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, “இவளுடைய அவிசுவாசத்தை மன்னியும்” என்று ஜெபித்தார். அது எனக்கான ஜெபமா, என் மேல் வைத்த குற்றப்பத்திரிகையா என்று எனக்குப் புரியவில்லை. ஆமென் சொல்லாமல் இருந்தேன்.

அறுவை நன்றாக முடிந்தது. முதலில் தண்ணீர், பிறகு கஞ்சித் தெளிவு, அதன் பிறகு குழைத்த பருப்பு. நான் சொல்லும்வரை சோற்றைத் தொடாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கஞ்சித் தெளிவில் இருக்கும்போதுதான் நம் சபை அசனம் வந்தது.

அசனம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பெரிய அண்டாவில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்காருவோம். காய்ச்சலில் கிடப்பவருக்கும் ஒரு வாய் கொண்டு போவோம். அசனச் சோறு யாருக்கும் கேடு செய்யாது என்பது நம் நம்பிக்கை. வேண்டாம் என்பவளைத் திமிர் பிடித்தவள் என்போம். நான் சாப்பிடப் போகவில்லை, கும்பிட்டுவிட்டு வரத்தான் போனேன்.

கிரேஸ் அக்கா சோற்றுத் தட்டோடு வந்தார். என் அண்ணன் மனைவி புஷ்பம் மைனி தடுத்தாள். “அக்கா, டாக்டர் சோறு கூடாதுன்னிருக்காரு.”

“டாக்டரு பெருசா, ஆண்டவரு பெருசா? ஏளா, வாயத் தொற.”

“கல்யாணப் பொண்ணு மாதிரில்லா வெக்கப்படுதா!” என்று பந்தியில் ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு உருண்டை உள்ளே போனது. நான் விழுங்கி முடிக்கும் முன் கறித்துண்டோடு அடுத்த உருண்டை வந்தது.

நெஞ்சில் கல் அடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து வாந்தி. நிற்கவே இல்லை. மறுநாள் காய்ச்சல், இடது தோளில் குத்தல். கிரேஸ் அக்கா போன் செய்து, “ஆஸ்பத்திரிக்கு ஓடாதிய, எண்ணெ பூசி ஜெபிப்போம்” என்றார். மைனி போனைப் பிடுங்கினாள். “நீங்க அங்கன இருந்து ஜெபிங்க. நாங்க ஆம்புலன்ஸ்ல இருந்து ஜெபிக்கோம்.”

வண்டி எங்கள் ஊருக்கு அடுத்த புதுக்கோட்டையைத் தாண்டித் திருநெல்வேலி சாலையில் போகும்போது நான் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. ‘ஆண்டவரே, உம்முடைய வீட்டுச் சோறு என்னைக் கொல்லுகிறது. பார்த்துக்கொண்டா இருக்கிறீர்? எனக்குப் பெரிய அற்புதம் வேண்டாம். குடிக்கிற தண்ணீர் உள்ளே நிற்கட்டும்’ என்றேன். அவ்வளவுதான்.

தையல் ஓர் இடத்தில் விட்டு, வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. பக்கவாட்டில் ஒரு குழாய், மூக்கு வழியாக ஒரு குழாய். இன்னும் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்றார் டாக்டர். சோறுதான் காரணமா என்று கேட்டேன். “சோறே இல்லாமலும் சிலருக்குத் தையல் விடும். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த நேரத்துல சோறு உள்ள போயிருக்கவே கூடாது, அந்த வாந்தியும் வந்திருக்கக் கூடாது” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டிச் சொல்லவில்லை.

பல வாரம் நாக்கில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் செத்துப்போனார். அடுத்தது நான் என்று நினைத்தேன். பிறகு ஒரு காலையில் மைனி ஒரு கரண்டி தண்ணீரை வாயில் விட்டாள். இருவரும் காத்திருந்தோம். திரும்பி வரவில்லை. நின்றது. “நின்னுட்டு, மைனி” என்றேன். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். நான் கேட்டது அதுதான். கர்த்தர் அதைத்தான் கொடுத்தார்.

இன்று முடி கொட்டிவிட்டது. தோல் தொங்குகிறது. அவசரப்பட்டு விழுங்கினால் இன்றும் வாந்திதான். ஆனால் மூச்சு முட்டாமல் தூங்குகிறேன். எடை மேடை அறையின் படியைக் கைப்பிடியில்லாமல் ஏறுகிறேன். கர்த்தருக்கு என் நன்றி. நோயில் கிடப்பவர்களே, அவரை நம்புங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் தாங்குவார். ஆனால் டாக்டர் சொன்னதையும் கேளுங்கள். அவரையும் கர்த்தர்தான் வைத்திருக்கிறார்.

இப்போது நம் சபையில் எஸ்தர் இதே அறுவைக்குத் தயாராகிறாள். கிரேஸ் அக்கா, நீங்கள் அவளிடமும் போய், என்னைக் காட்டி, “அவளுக்கு நடந்தத பாத்தேல்லா?” என்று பயமுறுத்தியிருக்கிறீர்கள். ஒருவேளை அவள் பிழைத்து வந்தால் அவளுக்கும் தட்டோடு போவீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தனியாக மன்னிப்பு வேண்டாம், வீட்டுக்கு வர வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் எழுந்து நில்லுங்கள், கிரேஸ் அக்கா. எஸ்தரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அந்தச் சோற்றை என் வாயில் வைத்தது யார்?