ஆன்னா சித்தியின் டிசம்பர் ஐந்து

கரண்ட் வந்தபோதுதான் செய்தியும் வந்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த போனைச் சார்ஜரில் செருகிவிட்டு மறந்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் விளக்குகள் எரிய, யாங்கோன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் எங்கள் தெரு முழுக்க வழக்கம்போல "மீ லாபி!" என்று கத்தியது. வெளிச்சம் வந்துவிட்டதாம். அந்தக் கூச்சலுக்கு நடுவே போன் உயிர் பெற்று, சித்தி மகன் ரூபன் மத்தியானமே அனுப்பியிருந்த ஒரு வரியைக் காட்டியது: "அம்மா போயிட்டாங்க." எங்கள் ஊரில் அழுவதற்குக்கூடக் கரண்ட் வர வேண்டியிருக்கிறது.

சளிக்காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நுரையீரலில் இறங்கிவிட்டது.

சபை மலருக்கு என்னை எழுதச் சொன்ன பெரியவர்கள், "கொஞ்சம் அடக்கமா எழுதும்மா" என்றார்கள். அடக்கம் போன மாதமே முடிந்துவிட்டது. இனி உள்ளதைத்தான் எழுத முடியும்.

அவரை அறிந்த உங்களுக்கு, பர்மிய மரியாதைப்படி, அவர் டோ ஆன்னா. எனக்குச் சித்தி. ஹாலந்துக்காரர். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா அந்த நாட்டுத் துறைமுகத்தில் அவரைக் கண்டு, கல்யாணம் செய்து, நகர நடுவே கியாக்டடாவில் லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடிக்குக் கூட்டி வந்தார். "கப்பல் ஏறினது ஈஸி, இந்த மாடி ஏறுறதுதான் கஷ்டம்" என்பார் சித்தி. அவருடைய தமிழ் பாதி எங்கள் வீட்டில் கற்றது, மீதி காய்கறிக்காரியிடம் கற்றது. அதனால் கோபம் வந்தால் விலை பேசுவது போலிருக்கும்.

அவர் கொண்டுவந்த பண்டிகைதான் சிந்தர்கிளாஸ். டிசம்பர் ஐந்தாம் தேதி, நீளத் தாடி வைத்த பிஷப் ஒருவர் வெள்ளைக் குதிரையில் வந்து பிள்ளைகளின் செருப்பில் இனிப்பு வைப்பாராம். "சிந்தாத கிளாஸ் எங்க கிடைக்கும் சித்தி?" என்று நான் சின்ன வயதில் கேட்டேனாம். முதல் வருஷம் சித்தி எங்கள் செருப்புகளில் பிஸ்கட் நிரப்பி வைத்தார். பர்மியப் பெண்ணான என் அம்மா பார்த்துவிட்டு, நம் 'ஐயோ'வைத் தன் மொழியில் அலறினாள்.

"அமலே! செருப்புல மொன், பலகாரம் வெக்கறதா? கால் போற எடத்துல வாய்க்குப் போறதா?"

"எங்க ஊர்ல எல்லாரும் சாப்புடுவாங்க அக்கா."

"உங்க ஊர்ல சேறு இல்லையா?"

சித்தி யோசித்துப் பார்த்தார். மறு வருஷத்திலிருந்து வாசலில் ஆளுக்கொரு டிபன் கேரியர் வரிசையாக நின்றது, பக்கத்தில் குதிரைக்கு ஒரு கேரட். பிஷப்புக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

அன்றைய பிஸ்கட்டுக்கு மாவு, வெண்ணெய், பனைவெல்லம், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். அச்சில் அழுத்தினால் குதிரை. ஒரு வருஷம் தட்டை ஓவனில் வைத்த கையோடு கரண்ட் போய்விட்டது. சித்தி பச்சைக் குதிரைகளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ஐந்து மாடி இறங்கி, கீழே டீக்கடையில் தந்தூர் ரொட்டி சுடும் அடுப்புக்காரரிடம் கொடுத்தார். அவர் பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே முறையில் சுட்டார். ஒவ்வொரு குதிரையாக எடுத்து அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டினார். வெண்ணெய் உருகி, எல்லாக் குதிரைகளும் தணலுக்குள் பாய்ந்தன. ஒன்று மட்டும் கால்கள் கருகி மிஞ்சியது. சித்தி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குக் கால் இல்ல. இது எங்கயும் போகாது. நம்ம வீட்டுலயே இருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மாடியில் பாதி வீடுகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் காலியாகிக்கொண்டிருந்த வருஷம் அது.

பண்டிகையின் பெரிய விஷயம் பிஸ்கட் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் எல்லோர் பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுப்போம். யார் பெயர் வந்ததோ அவருக்குக் கையாலேயே ஒரு பரிசு செய்ய வேண்டும். கூடவே அவரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு. யார் எழுதியது என்று சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. பாட்டை வாங்கியவரே அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஹாலந்தில் பரிசை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவார்களாம். எங்களுக்குப் பால்கனிக் கயிறு இருந்தது. நீங்கள் பேப்பரும் கீரையும் மேலே இழுக்கிற அதே மாதிரிக் கயிறுதான்; நுனியில் கிளிப், மேலே மணி. நைசாகக் கீழே இறங்கிப் போய், கிளிப்பில் மாட்டி, மணியை ஆட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வர வேண்டும்.

ஒரு வருஷம் அந்தக் கட்டடத்துக் கயிறுகளை இரவல் வாங்கி நான் செய்த வேலைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் சித்தி கையில் என் பெயர் விழுந்தது. நான் எழுந்து நின்று வாசித்தேன்:

"நாலாம் மாடி பேப்பர் ஆறாம் மாடி போச்சு,
ஆறாம் மாடி கீரை அஞ்சாம் மாடி ஆச்சு,
யாரு செஞ்சா கேட்டா பிஷப் தாடி துடிக்கும்,
போன் வராத வாரமெல்லாம் மணி ஜாஸ்தி அடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசி வரியில் நின்றுவிட்டேன். மலேசியாவில் வேலை பார்க்கும் அப்பாவிடமிருந்து போன் வராத வாரங்களில்தான் என் சேட்டை கூடுகிறது என்று எனக்கே அதுவரை தெரியாது. பிறகு சமையலறையில் சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "ஒரு ஆளைப் புகழறதுக்கு ஒரு நிமிஷம் போதும். கிண்டல் பண்ணணும்னா வருஷம் பூரா பாக்கணும்."

இந்த வருஷமும் சீட்டு எடுத்தாகிவிட்டது. சித்தி, சித்தப்பா, ரூபன், அம்மா, நான். அதற்கப்புறம்தான் காய்ச்சல். சித்தி எதையும் முன்கூட்டி எழுதி வைப்பவர் இல்லை. வருஷமெல்லாம் மனத்தில் சேர்த்துக் கடைசி நாளில்தான் எழுதுவார்.

"இந்த வருஷம் வேணாம்" என்றார் சித்தப்பா. அடக்கம் முடிந்ததிலிருந்து அவர் பேசிய ஒரே முழு வாக்கியம்.

"சீட்டு எடுத்தாச்சேப்பா" என்றான் ரூபன்.

"அதான்டா வேணாங்கறேன். அவ யார் சீட்டை எடுத்தாளோ, அந்த ஆளுக்கு மட்டும் மணி அடிக்காது. அவங்க உக்காந்திருக்கறத நான் பாக்கணுமா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் தானாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்போம். தானாகத்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்திருப்போம்.

டிசம்பர் ஐந்து அன்று அம்மா தொழிற்சாலையிலிருந்து அலுத்துப்போய் நேராகச் சித்தி வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் கேட்காமல் டிபன் கேரியர்களை எடுத்து வாசலில் வரிசையாக வைத்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அஞ்சு வெச்சிருக்கேன். நாலுதான் வேணும்னா, நீங்களே ஒண்ணு எடுத்துடுங்க."

சித்தப்பா வாசல்வரை வந்தார். குனிந்தார். எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரூபன், குழாயில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று கீழே போனான். மணி அடித்தது. சித்தப்பாவுக்குத் தீப்பெட்டிகளால் செய்த கப்பல். சித்தப்பா சிகரெட் வாங்கப் போனார்; அவர் சிகரெட்டை விட்டு வெகுகாலம் ஆகிறது. மணி அடித்தது. அம்மாவுக்கு. பிறகு அம்மா காரணம் எதுவும் சொல்லாமல் போனாள். ரூபனுக்கு.

கயிறு சும்மா தொங்கியது. என் கையில் இருந்த சீட்டு எதுவென்று எனக்குத்தானே தெரியும். நான் எழுந்து கீழே போனேன். அட்டைப்பெட்டியில் நான் செய்திருந்த கரண்ட் மீட்டரைக் கிளிப்பில் மாட்டி மணியை ஆட்டினேன். திரும்பி மூன்றாம் மாடி ஏறும்போது, மேலே கதவு திறந்திருந்ததால், சித்தப்பாவின் குரல் கேட்டது. பாட்டுக் காகிதத்தில் எழுதியிருந்த பெயரை வாசித்தார்: "ஆன்னாவுக்கு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஆரம்பித்தார்:

"ஹாலந்து நாட்டுல குளிருக்கு அடுப்பு,
யாங்கோன் ஊருல அடுப்புக்கே குளிரு,
மாவைப் பெசஞ்சுட்டு மீட்டரைப் பாக்குற,
மாப்பிள்ளையக்கூட அப்படிப் பாத்ததில்ல."

"பொய்!" என்றார் சித்தப்பா காகிதத்தைப் பார்த்து. "யார்ரா சொன்னது? நான் கப்பல் மேல நிக்கறேன், அவ கீழ நின்னு எப்படிப் பாத்தா தெரியுமா? சைக்கிளையே கீழ போட்டுட்டா!"

"சைக்கிள் கதையெல்லாம் சொன்னதே இல்லையேப்பா."

"எங்கடா கேட்டீங்க?"

அவர் சிரித்தார். பிறகு அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. பாட்டுத் தமிழ் பிடிபடாத அம்மா, "என்ன எழுதிருக்கு, எனக்கும் சொல்லு" என்று ரூபனிடம் பர்மிய மொழியில் கேட்பது கேட்டது.

நான் உள்ளே வந்தபோது சித்தப்பா என்னைப் பார்த்தார். விதிப்படி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோர் மடியையும் ஒருமுறை பார்த்தார், பிறகு என் வெறும் மடியை. "அப்ப உன்னைத்தான்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அம்மா தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். கருகாத குதிரைகள்தான், அன்று கரண்ட் போகவே இல்லை.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். பிஸ்கட் அச்சு ரூபனிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: சித்தி என் பெயரை எடுத்தார். எடுத்த நாளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். நான் எப்படிச் சிரிக்கிறேன், எப்போது சிரிப்பதை நிறுத்துகிறேன், எதற்கு இவ்வளவு களைத்துப்போகிறேன் என்று ஏதாவது ஒரு வரி சேர்த்து வைத்திருப்பார். அது என்ன வரி என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. நிச்சயம் புகழ்ச்சியாக இருந்திருக்காது. அதனால்தான் அது எனக்கு வேண்டியிருக்கிறது.