நண்டு வாடையோடு ஒரு மதுரைப் பயணம்

போன வருடம் வைகாசி மாதம். மதுரைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பரமக்குடியைத் தாண்டியதும் ஏசியிலிருந்து வெந்த காற்று வரத் தொடங்கியது. பின் சீட்டில் என் மனைவி வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு சாய்ந்து கிடந்தாள்.

நயினார்கோவில் பக்கம் அவள் பிறந்த வீட்டு வயலில் சீமைக் கருவேலம் வெட்டியபோது, முள்கிளை ஒன்று விசிறிக் கண்ணில் அடித்துவிட்டது. கருவிழி புண்ணாகி, மருந்துக்கு அடங்காமல், கடைசியில் யாரோ தானம் தந்த கருவிழியை வைத்துத் தைத்திருந்தார்கள். தூசி படக்கூடாது, வியர்வை இறங்கக்கூடாது, பஸ், ரயில் கூட்டமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கண்ணாடியை ஏற்றினால் கார் அடுப்பாகக் கொதித்தது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை புருவத்துக்கு இறங்கியது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். அந்த நேரம் பார்த்து மணல் லாரி ஒன்று முந்திப் போனது. அவள் சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்கு வந்து மூடியை எடுத்தால் கண் சிவந்திருந்தது.

போனில் டாக்டர் சொட்டு மருந்தைக் கூட்டினார். திங்கட்கிழமை கட்டாயம் வரச் சொன்னார். மறுபடி இப்படி ஆனால், வைத்த கருவிழியை உடம்பு ஏற்காமல் போகலாம் என்றார்.

மறுநாள் காலையிலேயே ராமநாதபுரத்தில் ஏசி மெக்கானிக் கடை வாசலில் நின்றேன். அவர் பானெட்டைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது காரா, வடைச் சட்டியா?"

உள்ளே எல்லாம் எண்ணெய். உச்சிப்புளிக்கு இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் எங்கள் ஊரில் வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் பழைய என்ஜின் ஆயிலைப் பீய்ச்சி அடிப்பது வழக்கம். "பானெட்டுக்குள்ளயும் அடிச்சிரவா?" என்று கேட்பார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். பழைய கார்தான் என்றாலும் துரு என்பதே கிடையாது என்று நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்.

"கேஸ் கசியிற எடத்துல லேசா எண்ணெய் பூத்து நிக்கும்ணே. அத வச்சுத்தான் ஓட்டையக் கண்டுபிடிக்கிறது. இங்கன எண்ணெய் இல்லாத எடம் எங்கன இருக்கு?"

ஏற்கெனவே தையிலும் பங்குனியிலும் கேஸ் நிரப்பிவிட்டு, கசிவைக் கண்டுபிடிக்க முடியாமல் விட்டவர் அவரே. சோப்பு நுரை தடவினாலும் எண்ணெயில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. டீசலும் சோப்பும் போட்டு உள்பக்கத்தைக் கழுவுவதிலேயே அன்றைய பொழுது போனது. காயவைத்து, கேஸ் ஏற்றி, என்ஜினை ஓடவிட்டோம். பானெட்டின் அடிப்பக்கம், கம்ப்ரசர் சுற்றுகிற இடத்துக்கு நேர் மேலே, பென்சில் கோடு போல எண்ணெய் தெறித்திருந்தது.

"கம்ப்ரசர் மூஞ்சியில கேஸ அடைச்சு நிக்கிற சீல் போயிருச்சு. பேரிங்கும் அரைக்குது. கம்ப்ரசரையே மாத்திரணும்."

மாற்றலாம். எந்தக் கம்ப்ரசரை? என் கார் தயாரான வருடத்து வண்டிகளில் நாலைந்து வகை போட்டிருக்கிறார்கள். எது என்பது கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருக்கும் எண் சீட்டில் இருக்கும். துணியால் துடைத்தேன். வருடக்கணக்காக ஊறிய எண்ணெயில் எழுத்துகள் கரைந்துபோய் வெறும் பழுப்புத் தாள் மிச்சமிருந்தது.

குழாய் வரும் பக்கத்தை வைத்து ஊகித்து மதுரையில் உதிரிபாகக் கடைக்குச் சொன்னோம். வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் வந்தது. மாட்டிப் பார்த்தால், பெல்ட் ஓடும் சக்கரம் விரல் கனத்துக்கு விலகி நின்றது. மெக்கானிக் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழையதையே திரும்ப மாட்டினார்.

சனிக்கிழமை காலை அந்தக் கடைக்கும் எதிர்ச் சாரி டீக்கடைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வாடகைக் கார் கேட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். திங்கட்கிழமை முகூர்த்தம். ஏசி உள்ள கார் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது. "பாப்போம் சார்" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பாப்போமை நம்பி என்ன செய்ய? வீட்டில் ஜன்னலை அடைத்த அறையிலிருந்து மனைவி போன் செய்து, "வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள். வந்துவிடும் என்றேன். போனை வைத்துவிட்டு மறுபடி கடைக்குள் போனேன்.

மெக்கானிக்குக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "தொண்டியில இதே வருசத்து வண்டி ஒன்னு ஓடுதுண்ணே. நண்டு ஏவாரி, ஒரு பாய். போன வருசம் நான்தான் கேஸ் போட்டேன். சக்கரம் உங்க பெல்டுக்கு ஒத்ததுதான். அந்த வண்டியில ஏசியத் தவிர எதுவும் உருப்படியா இருக்காது. ஆனா கம்ப்ரசர்ல அந்த நம்பர் சீட்டு அழியாம இருந்தாலும் இருக்கும்."

பாய் போனை எடுக்கவில்லை. நானே என் காரில் கிளம்பினேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கடற்கரையை ஒட்டிய கொட்டகையில் நண்டுப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார் பாய். பக்கத்தில் அவருடைய கார். கதவுகளின் அடிப்பாகம் அரித்துப்போய், உள்ளே தரைக்குத் தகரம் வைத்துத் தட்டியிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"துரு தின்னது போக மிச்சந்தாங்க வண்டி. பாத்துத் தொடுங்க, கையோட வந்துரும்."

விஷயத்தைச் சொன்னதும் பானெட்டைத் திறந்தார். உள்ளே செம்புழுதி. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கம்ப்ரசரில் புழுதியை ஊதித் தள்ளினால், சீட்டில் எண் அப்படியே தெரிந்தது. படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். அந்த வகை மதுரையில் இருக்கிறதாம். ஆனால் ஞாயிறு கடை லீவு. திங்கட்கிழமை மதியத்துக்கு மேல்தான் பார்சல் வரும்.

நான் ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அதான் நம்பர் கெடச்சிருச்சே, பெறகு எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது?" என்றார்.

மனைவியின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையை லுங்கியில் துடைத்து, மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போங்க. உங்க வண்டி இங்கன நிக்கட்டும். நான் ஓட்டிக்கிறேன்."

"உங்க நண்டுக்கு ஏசி வேணுமே?"

"நண்டுக்கு ஐஸக் கூடக் கொட்டிக்கிருவேன். கண்ணுக்கு ஐஸு கொட்ட முடியுமா?"

நான் வாங்கத் தயங்கினேன். அவரோ அதற்குள் காரின் குணத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "மூணாவது கியர் சண்டித்தனம் பண்ணும், அதட்டிப் போடுங்க. தண்ணி கெடக்குற ரோட்டுல போனா மட்டும் காலத் தூக்கிக்கங்க. திங்கக்கிழம முடிச்சிட்டு மெதுவாக் கொண்டாங்க. கண்ணு சரியாயிரும், இன்ஷா அல்லா."

என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஞாயிறு முழுக்க அந்தக் காரைக் கழுவினேன். வாடை அசையவில்லை. திங்கட்கிழமை விடியலில் மனைவி பின் சீட்டில் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் குரல் வந்தது. "ஏங்க, டாக்டர் கண்ண மட்டுந்தான மூடச் சொன்னாக? மூக்குக்கு என்ன செய்ய?" ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காது முழுக்க கம்ப்ரசரில் இருந்தது. அது நின்று, மறுபடி 'டிக்' என்று பிடிக்கிற இடைவெளி ஒவ்வொன்றிலும் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினேன். சத்திரக்குடி, பரமக்குடி, மானாமதுரை என்று வெயில் ஏற ஏற வெளியே புழுதி பறந்தது. உள்ளே குளிர் தாங்காமல் அவள் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டாள்.

டாக்டர் விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார். சிவப்பு வடிந்துவிட்டது, தையல் நன்றாக இருக்கிறது, கருவிழி தெளிவாக இருக்கிறது என்றார். அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

மறுநாள் காரை ஒப்படைக்கத் தொண்டி போனேன். பாய் என் காரைக் காட்டித் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீக. வளைவுல ஒரு பெட்டி கவுந்துருச்சு." பின் சீட்டெல்லாம் நண்டுத் தண்ணீர். நான் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அங்கிருந்து நேராக மெக்கானிக்கிடம் போனேன். புதுக் கம்ப்ரசரில் பெல்ட் தன் தடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போதும் ஐப்பசியில் காரின் அடியில் ஆயில் அடிக்கிறேன். பானெட்டை மட்டும் திறக்க விடுவதில்லை.

மனைவி இன்று அந்தக் கண்ணால் ஊசிக்கு நூல் கோக்கிறாள். ஏசியைப் போட்டதும் முதலில் வரும் காற்றில் இன்னும் லேசாக நண்டு வாடை அடிக்கிறது. அது அடிக்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒருவர் என் வாசலில் வந்து இப்படி நின்றிருந்தால் நான் சாவியை நீட்டியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.