மூக்கம்மாளின் கைகளைப் பிடித்தது யார்?

எழுபத்து நான்காம் ஆண்டு மழைக்காலம். சாந்தன்பாறை ஏலக்காட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மூக்கம்மாள் விடியலில் கண் விழித்தபோது, போர்வைக்குள் யாரோ அவளுடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்திருந்தார்கள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. விரல்கள் மடங்கவில்லை. விரல் முட்டிகள் வீங்கிச் சுட்டன. வெயில் ஏறிய பிறகே பிடி தளர்ந்தது. மறுநாள் விடியலிலும் அதே பிடி.

லயத்துக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. அங்கே எதற்குத்தான் காரணம் தெரியாது! பறிப்பு தொடங்கும்போது முதல் கைப்பிடிக் காயை ஓடைக்கரை முனிக்கு வைப்பது வழக்கம். அந்த வருடம் மூக்கம்மாள் மறந்துவிட்டாள். புருஷன் ராக்கப்பன் மந்திரித்த கயிறு வாங்கி வந்து இரண்டு மணிக்கட்டிலும் இறுக்கிக் கட்டினான். சில நாளில் வீக்கத்துக்குள் கயிறே புதைந்துபோனது.

"பிடிச்சவன் விடமாட்டேங்கான்" என்று நடுங்கினான். அவனைத் திட்டி என்ன பயன்? பயந்தவன் கைக்குக் கயிறுதான் எட்டியது.

மாதங்கள் போயின. காய் பறிக்கும் வேகம் குறைந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, பொழுது விடியுமே என்ற பயம் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஒருநாள் குழாயடியில் கீழ் லயத்து மதலேனம்மாள் அவள் கையைப் பார்த்தாள். பறிப்புக்குப் போவதை எப்போதோ விட்டவள். முந்தானைக்குள் மறைத்திருந்த தன் கையை எடுத்து, மூக்கம்மாளின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். மதலேனம்மாளின் விரல்களெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கோணிக் கிடந்தன. இருவருக்கும் வீங்கியிருந்தது அதே முட்டிகள். மூக்கம்மாள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கைதான் வயதாகி எதிரே வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

"எனக்கும் காலையிலதாம்ட்டி பிடிச்சுது. நான் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி கொண்டு போறவ. எந்த முனிக்குக் காய் வைக்க மறந்தேன், சொல்லு? இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

அன்றே ஜீப்பில் போனாள். டாக்டர் முதலில் கயிறுகளை வெட்டினார்.

"இது முடக்குவாதம். ரெண்டு கையிலும் ஒரே மாதிரி மூட்டு வீங்கி, காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல விறைச்சுக் கிடந்தா, சில வாரத்துக்குள்ள வந்திடணும். இனிமே கோணாம இருக்க மருந்து தந்து பார்க்கிறேன். கோணின விரல் நிமிராது. ஏம்மா இத்தனை நாள் வரலை?"

மூக்கம்மாள் சாய்ந்துவிட்ட தன் சுண்டுவிரல்களைப் பார்த்தாள்.

"வெயில் வந்தா விட்டுரும் டாக்டரய்யா. தினமும் விட்டுருதேன்னுதான் இருந்துட்டேன்."