ரோட்டுக்கு அந்தப் பக்கம்

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் வெண்ணந்தூரிலிருந்து பைக்கில் கிளம்பி, ராசிபுரம் வழியாக வடுகம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து போதமலைக் கீழூருக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், நடைதான். கூட வந்தவர் என் பெரியப்பா மகன் முத்துசாமி. ஒரே பாட்டன் பூமியைப் பிரித்ததில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவருக்கு. இருவருமே மானாவாரிக் கடலை போட்டிருக்கிறோம். பூ உதிர்ந்து, காய் பிடிக்க மண்ணுக்குள் விழுது இறங்கும் நேரம். இந்த வாரம் ஒரு மழை இல்லாவிட்டால் செடியைப் பிடுங்கி மாட்டுக்குத்தான் போட வேண்டும். வாடுகிற கடலைக்காட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர்தான் என்னை மலைக்கு இழுத்து வந்தார்.

பாதி மலை வரை வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்குமேல் காற்று மாறியது. திரும்பிப் பார்த்தால் ஏறி வந்த பாதையைக் காணவில்லை, மூடுபனி விழுங்கியிருந்தது. சற்று நேரத்தில் தூறல், பிறகு வெயில், மறுபடி தூறல். மேடெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல். இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் சாமைப் பயிர் தளதளவென்று நின்றது. வரப்பில் கால் வைத்தால் செருப்பு புதைந்தது. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது.

கீழூரில் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். சொம்பை நீட்டிய அம்மா சலித்துக்கொண்டார்.

“பத்து நாளா வெயிலையே காணமுங்க சாமி. துவைச்ச துணி காய மாட்டேங்குது. எப்பத்தான் உடுமோ இந்த மழ!”

“எங்களுக்குக் கொஞ்சம் அனுப்பி உடுங்க” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மேலூருக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. தலையில் போட்டிருந்த துண்டு சொட்டச் சொட்ட நனைந்தது. மழை விட்டதும் மலை விளிம்புக்கு வந்தோம். கீழே எங்கள் ஊர். மலையை விட்டு இறங்கிய கருமேகம் அதன்மேல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, நம்மூருக்குத்தான்டா!” அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த இடத்தில் டவர் கிடைத்தது. ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போன் போட்டோம். அவர் “ஊத்துதா? நல்லா ஊத்துதா?” என்று கத்தினார்.

என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “ரோட்டுக்கு அந்தப் பக்கந்தானுங்க பேயுது. நம்ம பக்கம் மண்ணு வாசம் மட்டும் வருது.”

இறங்கும்போது அண்ணனுக்கு வாய் ஓயவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஓய்ந்தார். “நாளைக்கு உன்ற பக்கமும் பேயும் தம்பி” என்றார். நல்ல மனுஷன். அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. மலைக்காரர்களுக்குப் பெய்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவர்கள் ஊர் வேறு.

சாயங்காலம் காட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு அண்ணன் ரோட்டைத் தாண்டி ஓடினார். அவர் பக்கம் தவளை கத்தியது. என் பக்கம் புழுதி. பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்த துண்டு இன்னும் ஈரமாகவே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ஓரத்திலிருந்த கடலைச் செடி ஒன்றின்மேல் அதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தேன்.