இசக்கிக்குத் தெரியாத பாஷை

சீனியம்மாளால் சோறில்லாமல் ஒரு நாள் இருக்க முடியும். பேசாமல் அரை நாள் இருக்க முடியாது. விடிவதற்குள் இட்லி அவித்து, அதைப் புருஷன் சுயம்பு சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பியதும் அவள் கைக்கு ஓய்வு. வாய்க்கு அப்போதுதான் வேலை தொடங்கும். தாராவியில் அவள் குடியிருந்த சந்தில் யார் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினாலும் அதைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது.

அப்படிப்பட்டவள் எதிர்வீட்டு ஆவுடையம்மாளோடு மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதான் நடந்தது. இரண்டு பேரும் நாங்குநேரிப் பக்கத்துக்காரிகள். கல்யாணமாகி ஒரே ரயிலில் பம்பாய் வந்தவர்கள், ஒரே தொழில் செய்தவர்கள். ஒருத்திக்கு மாவு குறைந்தால் மற்றவள் பானையிலிருந்து அள்ளிக்கொண்டு போவாள். கேட்டுவிட்டு அள்ளுகிற வழக்கமெல்லாம் கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு நாள் குழாயடியில் யாரோ ஒருத்தி பற்ற வைத்தாள். "சீனி முந்தாநாள் மாவையும் சேத்துல்லா அவிக்கான்னு ஆவுடை சொல்லுதா" என்றாள். அவ்வளவுதான். சீனியம்மாள் குடத்தைப் போட்டது போட்டபடி சந்து முனையில் இருந்த இசக்கியம்மன் பீடத்துக்கு ஓடினாள். சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"இனிமே செத்தாலும் அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசுனா என் நாக்கை நீ எடுத்துக்கோ, தாயி!"

நாக்கு எவ்வளவு முக்கியமான சாமான் என்பது அவளுக்கு மறுநாள்தான் உறைத்தது. கோபம் ஒரு மாதத்தில் ஆறிப்போனது, சத்தியம் ஆறவில்லை. இசக்கி விளையாட்டுச் சாமி இல்லை. ஆவுடையோ ரோஷக்காரி, அவளாக வந்து பேசுகிறவள் இல்லை. மூன்று வருஷம் எதிரெதிர் வாசலில் உட்கார்ந்து இருவரும் வெங்காயம் உரித்தார்கள். நடுவில் இருந்த சந்து இரண்டு முழம்கூட இருக்காது.

எண்பத்தாறில் ஒரு சேதி வந்தது. ஆவுடையின் புருஷனுக்கு, பம்பாய்க்கு வெளியே ரொம்ப தூரம் தள்ளி இருக்கிற கல்யாண் ஊரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் குடிபோகிறார்கள். சீனியம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டில் இருக்கிறவரையில் என்றைக்காவது ஒரு வழி பிறக்கும் என்று நினைத்திருந்தாள். கல்யாணுக்குப் போய்விட்டால்? வாசலில் நின்று 'போயிட்டு வா' என்று சொல்லக்கூட வழியில்லாமல் அனுப்பிவைக்க வேண்டுமே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சமயம் பால்வாடி அறையில் சனிக்கிழமை மத்தியானங்களில் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடத்தியவள் நாகலக்ஷ்மி, மாட்டுங்காவில் வீடு, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் பாங்க் வேலை, வயது இருபத்தைந்து இருக்கும். பேசுவதற்கு இன்னொரு பாஷை சும்மா கிடைக்கிறது என்றால் சீனியம்மாள் விடுவாளா? முதல் ஆளாகச் சேர்ந்திருந்தாள். குவார்ட்டர்ஸில் எல்லா ஜாதி ஜனமும் இருக்குமே என்று ஆவுடையும் வந்து சேர்ந்து, பாயின் மறு கோடியில் உட்கார்ந்தாள்.

அன்றைய பாடம் நவுன் க்ளாஸ்; வகுப்பு என்கிற க்ளாஸ் இல்லை, வாக்கியத்துக்குள் உட்காருகிற வாக்கியம். "ஒரு முழு வாக்கியத்தையே தூக்கி இன்னொரு வாக்கியத்துக்குள்ளே வெச்சுடலாம்" என்றாள் நாகலக்ஷ்மி. "'ஷி கேம்'ங்கறது ஒரு வாக்கியம். 'ஐ நோ தட் ஷி கேம்'னா, அவள் வந்தாள்ங்கறது எனக்குத் தெரியும். அந்த முழுசும் உள்ளே போய் ஒரு சாமான் மாதிரி உட்கார்ந்துக்கறது, பாருங்கோ."

"கொழுக்கட்டைக்குள்ள பூரணம் வச்ச மாதிரியா டீச்சர்?" என்றாள் சீனியம்மாள்.

"கரெக்ட்! தட், வாட், ஹூ, வை, வெதர்... எதை வேணும்னாலும் வெச்சு மூடலாம்."

சீனியம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. யார் சொன்னது, என்ன சொன்னது, ஏன் சொன்னது, சொன்னாளா இல்லையா! அவள் ஆயுசு முழுக்கப் பேசியது இதைத்தானே? இங்கிலீஷ்காரனும் வம்பு பேசுவான் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வகுப்பு முடிந்து வருகிற வழியில், சட்டென்று ஒரு யோசனை உதித்து நடுச்சந்தில் நின்றுவிட்டாள். பிறகு நேரே இசக்கி பீடத்துக்குப் போனாள். பீடத்துக்கு விளக்குப் போடுகிற அய்யாத்துரை திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நம்ம இசக்கிக்கு இந்தி தெரியுமா?"

"நல்லா கேட்ட போ. இத்தனை வருசமா தாராவியில இருக்கா, இந்தி தெரியாமலா இருப்பா?"

"மராட்டி?"

"மராட்டிக்காரியெல்லாம் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வேண்டிட்டுப் போறாள்லா? புரியாமலா பிள்ளை வரம் குடுக்கா?"

"இங்கிலீசு?"

அய்யாத்துரை திரியைக் கீழே வைத்துவிட்டு அம்மனை ஒரு முறை பார்த்தார். "அதுல இதுவரைக்கும் யாரும் வேண்டுனதில்லையே. தெரியாதுன்னுதான் நினைக்கேன். எதுக்குக் கேக்க?"

"சும்மாதான் அண்ணாச்சி."

அந்த வாரம் முழுக்க அவள் இட்லிக் கொப்பரையோடு இங்கிலீஷ் பேசினாள். "ஐ நோ வை யு ஆர் ஆங்ரி" என்று கரண்டியை ஆட்டிச் சொல்லும்போது சுயம்பு பயந்துபோய், "ஏட்டி, யாருகிட்ட பேசுத?" என்றான். "வாயை மூடிட்டு இட்லியக் கட்டுங்க" என்று அவனுக்குத் தமிழில் பதில் வந்தது. ஆவுடை என்ன சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியும். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பாள். அதற்குத் தோதாக மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. ஆவுடைக்கு அது கடைசி வகுப்பு. ஆளுக்கு ஒரு வாக்கியம், யாரையாவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள் நாகலக்ஷ்மி. கூடப் படித்த சைனப், "ஐ நோ வேர் மை ஹஸ்பண்ட் கோஸ்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அடுத்து சீனியம்மாள் எழுந்தாள். பாயின் அந்தக் கோடிக்கு நடந்து போய் ஆவுடைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சத்தியத்தைப் பற்றித் தெரிந்த அதே சந்து முருகம்மாள் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏளா, சத்தியம்! நாக்கு!"

"ஐ வான்ட் டு நோ," என்றாள் சீனியம்மாள், "வெதர் யு செட் தட் மை மாவு இஸ் ஓல்ட்."

மாவு என்பது தமிழ் வார்த்தை ஆயிற்றே! திடுக்கிட்டு நாக்கைக் கடித்துப் பார்த்தாள். நாக்கு இருந்தது.

ஆவுடை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் கழித்து அந்த முகம் அவ்வளவு கிட்டத்தில். ஆவுடை மெல்ல உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"யெஸ். ஐ செட் தட்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. சீனியம்மாளின் மூன்று வாக்கியமும் வீணாய்ப் போயின. ஆவுடையின் கண் நிரம்பிவிட்டது. "மாட்டுங்கா ஹோட்டல் கேவ் ஆர்டர் டு யு. ஐ வாஸ் ஜெலஸ். ஐ நோ தட் ஐ வாஸ் ராங்."

சீனியம்மாளிடமிருந்து ஒத்திகை பார்க்காத ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"நோ, நோ. வாட் யு செட் வாஸ் ட்ரூ."

ஆமாம், மாவு பழசுதான். ஹோட்டல் ஆர்டருக்கு அன்று மாவு பற்றாமல், மிச்சம் இருந்ததையும் கலந்துதான் அவித்தாள். பொய்யாக இருந்திருந்தால் எதிர்வாசலில் நின்று இரண்டு சத்தம் போட்டுவிட்டு அதோடு விட்டிருப்பாள். உண்மையாக இருந்ததால்தான் சூடத்தை அடித்தாள். தமிழில் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாள். இங்கிலீஷில் வெட்கமில்லாமல் வந்துவிட்டது. ஆவுடைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் "அடிப் பாவி!" என்று அலறிக்கொண்டு அவள் முதுகில் ஓர் அறை விட்டாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். பெண்கள் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒரே இடத்தில் குவிந்துவிட்டார்கள். முன்கதை ஒன்றும் அறியாத நாகலக்ஷ்மி, "வெரி குட்! ரெண்டு பேரோட நவுன் க்ளாஸும் கரெக்ட், எல்லாரும் எழுதிக்கோங்கோ" என்றாள்.

குடிபோகிற அன்று டெம்போவில் சாமான் ஏறும்வரை சீனியம்மாள் கூடவே நின்றாள். ஆவுடை தமிழிலேயே எல்லாம் சொல்லி அழுதாள். சீனியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐ டோன்ட் நோ ஹௌ ஐ வில் லிவ் ஹியர்" என்றாள். சந்தில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. ஆனாலும் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள்.

அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலேறிக் கல்யாணுக்குப் போவாள். அவள் மட்டும் இங்கிலீஷில் திண்டாடுவது நியாயமில்லை என்று ஆவுடையும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டாள். திரும்பும்போது தாதர் வரைக்கும் ஆவுடை கூட வருவதும் உண்டு. ரயிலின் லேடீஸ் டப்பாவில் மூக்குத்தியும் கண்டாங்கிச் சேலையுமாக உட்கார்ந்து இரண்டு பேரும் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவதைப் பார்த்து, படித்த பெண்கள்கூட மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்.

நாலைந்து வருஷம் கழித்து அய்யாத்துரை ஒரு பரிகாரம் கேட்டு வந்து சொன்னார். "அம்மனுக்கு மஞ்சக்காப்பு சாத்தி மன்னிப்புக் கேட்டா சத்தியம் தீந்துருமாம், சீனி. பொறவு நீ அவகிட்ட தமிழ்லயே பேசலாம்."

சீனியம்மாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு இங்கிலீசுல அவளை வையத் தெரியாது. அதனாலதான் அவ எனக்கு இன்னும் இருக்கா."