வியாழக்கிழமை காலை பத்து மணி

இரண்டு வருடத்துக்கு முன்பு பெங்களூரில் நடந்தது. ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்த்து வந்தேன். விவேக் நகரில் கல்யாண கவுன் தைக்கும் கோலார் தங்கவயல்கார அக்கா ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். வெளியூர்ப் பெண்கள் தங்கள் அளவுகளை அதிலேயே பதிந்துவிடுவார்கள். நோட்டுப் புத்தகமே வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான்.

அந்த வெப்சைட்டுக்கு அடிக்கடி அப்டேட் வரும். போடாமல் விட்டால் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற மாதிரி. அதனால் தானாகவே நடக்கும்படி அமைத்துவிட்டேன். எந்த நாள்? எங்கள் ஆபீசில் வெள்ளிக்கிழமை யாரும் எதையும் தொடமாட்டோம். ஏதாவது உடைந்தால் சனி, ஞாயிறு போச்சு. ஆகவே வியாழன் காலை பத்து மணி.

"இனிமே நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் தைங்கக்கா" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

"கண்ணை மூடினா விரல்லதான் குத்தும்பா" என்று சிரித்தார்.

மூன்றாவது வியாழன் பத்தேகாலுக்கு போன். "தம்பி, ஒண்ணுமே வரலப்பா, வெள்ளையா நிக்குது. கட்டிங் மாஸ்டர் கத்திரியோட உக்காந்திருக்காரு!"

திங்கட்கிழமை கல்யாணம். துணி வந்ததே முந்தின நாள்தான். மணப்பெண்ணோ துபாயிலிருந்து வரும் விமானத்தில். அவள் அளவு வெப்சைட்டில் மட்டும்தான் இருந்தது. மாஸ்டர் மதியம் ஊருக்குக் கிளம்புகிறார்.

பத்து மணி அப்டேட் வெப்சைட்டை உடைத்துவிட்டது. நான் பதறவில்லை. வெப்சைட்டின் முந்தின நாள் பிரதி கையில் இருக்கிறது, பத்து நிமிட வேலை. ஆனால் உள்ளே நுழைய ஓ.டி.பி. அக்காவின் போனுக்குத்தான் போகும். திரும்பத் திரும்ப அடித்தும் அவர் எடுக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

விவேக் நகர் முனையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. பூவும் மெழுகுவர்த்தியுமாகச் சாலை நிறைய ஜனம். "இன்னைக்கு குருவாரம் சார், இங்க சர்ச்சுல வாராவாரம் வியாழன்தான் விசேஷம், கூட்டம். வண்டி உள்ள போகாது" என்றார் டிரைவர். அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். வியாழக்கிழமை சர்ச்சுக்கு வருகிறவர்கள்தான் அக்காவின் பாதி வாடிக்கையாளர்கள். வாரம் முழுக்க இருக்க, அந்த நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்!

கடையில் கால் வைக்க இடமில்லை. அக்கா குண்டூசியைப் பல்லில் கடித்தபடியே ஓ.டி.பி.யைச் சொன்னார். துணிக்கட்டின் மேல் லேப்டாப்பை வைத்து, பழைய பிரதியைத் திரும்ப ஏற்றினேன். பதினொன்றரைக்கு அந்தப் பெண்ணின் அளவு திரையில் வந்தது. மாஸ்டர் சாக்பீஸை எடுத்தார். கத்திரி துணியில் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

செமத்தியாகத் திட்டு விழும் என்று நின்றேன். "வேலை நல்லாத்தான்பா தெரியுது உனக்கு. என்னைக்கு வெச்சுக்கலாம்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, செவ்வாய்க்கிழமைன்னு சொல்லியிருப்பேன்ல? அன்னைக்கு ஈ, காக்கா வராது" என்றார். சுருக்கென்று தைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

இன்றும் தானாக நடக்கும் அப்டேட்டைத்தான் எல்லாக் கடைகளுக்கும் தைரியமாக அமைத்துத் தருகிறேன். ஆனால், முன்பின் பார்த்திராத ஒரு பெண் நான் கேட்காமல் விட்டதால் கல்யாணத்தன்று கவுன் இல்லாமல் நின்றிருப்பாளே என்ற நினைப்பு வரும்போதெல்லாம், எந்த நாள், எந்த நேரம் தோது என்று கடைக்காரர்களிடம் இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுக்கொள்கிறேன்.